பெரிய வெள்ளிப் பாட்டும் பெல்ஜியம் கிழவரும்

வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டியபோது, மெதுவாக நடக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அது எண்பத்தாறாம் வருடம். பெல்ஜியத்தில், கெண்ட் நகரத்தில், உவர்மண் ஆராய்ச்சி என்ற பெயரில் சோதனைக்குழாய்களோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் நான், கீழே வீட்டுக்காரர் யோரிஸ். எழுபதைத் தாண்டிய, டச்சு பேசுகிற பிளெமிஷ் இசையமைப்பாளர். ஒரு வருடமாகப் பியானோவில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த மெட்டு குளியலறையில்கூட என் வாயில் வந்துவிடும்.

"நீ தமிழன்தானே?" என்றார் ஆங்கிலத்தில். ஒரு வருடம் குடியிருந்த பிறகு வந்த கேள்வி.

விஷயம் இதுதான். அவருடைய தங்கை ஒரு கன்னியாஸ்திரீ. ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊரில் அகதிகள் விடுதி ஒன்றை நடத்துகிறார். போன வருடம் ஈஸ்டருக்கு முன்னால் தங்கையைப் பார்க்கப் போன யோரிஸ், அங்கே ஒரு தமிழ்ப் பெண் கண்ணீர் வழியப் பாடுவதைக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஆளிடம் விசாரித்தால், கொல்லப்பட்ட மகனுக்காகத் தாய் அழுகிறாள் என்றானாம். பையனின் பெயரையும் கேட்டு வந்திருக்கிறார். அன்ரன். அந்தப் பாட்டை வைத்து ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு சின்ன உருப்படி எழுதி முடித்துவிட்டார். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடுகிற நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை அதே ஊரில் அரங்கேற்றம். வாசிப்பதற்கு முன்னால் அதன் பின்னணியை மேடையில் சொல்ல வேண்டும். இறந்துபோன பையனைப் பற்றி இன்னும் நாலு விவரம் வேண்டும்.

"அந்த அம்மாவிடம் அவளுடைய மொழியில் கேட்க வேண்டும். மரியாதையாக" என்றார்.

எனக்குச் சளி. ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் சரியாக வரவில்லை. மறுப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டும். அது இல்லாததால் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வுப்பர்டாலில் இறங்கினோம். மழை. ஐரோப்பா முழுக்க ஒரே மேகத்தைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் போல. இசைத்தாள்கள் நிறைந்த பெட்டி கருங்கல் கனம் கனத்தது. அதைத் தூக்குகிற உத்தியோகம் எனக்கு. பெட்டியின் மேல் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு யோரிஸ் நனைந்துகொண்டு வந்தார். நான் நனைவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஊரில் ரயில் தரையில் ஓடாது. ஆற்றுக்கு மேலே இரும்புத் தூண்கள் நட்டு, தண்டவாளத்தை உயரத்தில் போட்டு, பெட்டியை அதிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். வளைவுகளில் அது ஆடுகிற ஆட்டத்தில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாம்பரம் மின்ரயிலில் படியில் தொங்கிக்கொண்டு போவோம். இங்கே ரயிலே தொங்குகிறது, ஆட்கள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

எந்தப் பக்கம் போகிற ரயிலில் ஏற வேண்டும் என்று யாரையாவது கேட்கலாம் என்றேன். யோரிஸ் ஒப்பவில்லை. ஜெர்மன்காரர்களிடம் ஜெர்மன் பேச மாட்டார். பிரெஞ்சு பேசுவார், ஆங்கிலம் பேசுவார், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வார். உலகப் போர்ச் சண்டைக் காலத்தைப் பார்த்த தலைமுறை. அந்த வைராக்கியத்துக்கு நான் என்ன சொல்ல முடியும்? எதிர்த்திசை ரயிலில் ஏறி, ஊரின் கடைசி வரை போய், அதே ஆற்றை அதே மழையில் மறுபடி பார்த்துக்கொண்டு திரும்பினோம்.

எதிர் இருக்கையில் இரண்டு வயதான அம்மாக்கள். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "இவனும் அந்த விடுதியாள்தான் போலிருக்கிறது" என்றாள். மற்றவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாவம், கால்சட்டை எவ்வளவு மெல்லிசு பார்" என்றாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அவ்வளவுதான் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். தங்கின இடத்தில் சாப்பாடு வேகவைத்த உருளைக்கிழங்கு, அதற்குத் தொட்டுக்கொள்ள மசித்த உருளைக்கிழங்கு. தின்றுவிட்டுத் தும்மிக்கொண்டே படுத்தேன்.

சனிக்கிழமை காலை விடுதிக்குப் போனோம். பழைய பள்ளிக்கூடக் கட்டிடம். யோரிஸின் தங்கை அன்று வேலையாக வெளியூர் போயிருந்தார். நீள நடையில் சுவரோடு ஒரு தொலைபேசி. அதன் கீழே நாற்காலி போட்டு ஒரு பெண்மணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். யோரிஸைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். அவர்தான் அந்தப் பாட்டைப் பாடிய றெஜினா அக்கா. இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், புருஷன் காலமாகிவிட்டவர்.

"வாங்கோ ஐயா, வாங்கோ. தம்பி இந்தியாவோ? கதையைக் கேட்டாலே தெரியுது, படத்திலை கதைக்கிற மாதிரி. சாப்பிட்டியளோ?"

"இல்லைங்க. அதாவது, காலையில உருளைக்கிழங்கு."

"அது சாப்பாடே? இருங்கோ."

சமையலறைக்குப் போகிறபோது, நடையில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார். அந்த ஆளின் பெயர் ஜெறோம். பேச ஆள் கிடைத்தால் விடாத மனிதர். தொலைபேசி அடித்தால் ஓடிவந்து கூப்பிட வேண்டும் என்று அவருக்குக் கட்டளை. யாருடைய அழைப்பு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

சோறு, டின் மீன் குழம்பு, பசும்பாலில் வைத்த சொதி. தேங்காய்ப் பால் இல்லாத சொதியை அவர்கள் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்களாம். நான் மதித்தேன். மிளகாய்த்தூள் ஹம்பேர்க் ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. முதல் வாயிலேயே அடைத்திருந்த மூக்கு திறந்துகொண்டது. யோரிஸ் கண்ணிலும் நீர், ஆனால் தட்டைக் காலி செய்தார். சாப்பிட்டு முடித்ததும், கேள் என்று கண்ணைக் காட்டினார்.

நானும் தட்டை ஓரமாக வைத்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் கேட்டேன். "அக்கா, உங்க பையன் அன்ரன்... எப்ப தவறினாருங்க?"

அவர் கையில் இருந்த சோற்றுச் சட்டி மேசையில் இறங்கியது. முகத்தில் ரத்தம் இல்லை. என்னைப் பார்த்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட கிழவரைப் பார்த்தார். பிறகு எழும்பிய கூச்சலில் மாடியில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள்.

"ஐயோ, என்ரை பிள்ளை! ஆர் சொன்னது? எங்கை? பேர்லினிலையோ? ஐயோ, இதைச் சொல்லவே வந்தனியள், நான் சோறு போட்டனே!"

நாங்கள் சாவுச் செய்தி கொண்டுவந்திருக்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். இல்லைங்க, இல்லைங்க என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. கடைசியில் ஜெறோம்தான் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரும் ஒன்றும் கொண்டுவரவில்லை, இந்தத் தம்பிக்கு விஷயம் தெரியாது என்று சத்தம் போட்டு அவரை அடக்கினார்.

அன்ரன் உயிரோடு இருப்பவன். அல்லது, உயிரோடு இருப்பதாக அந்த விடுதி நம்புகிறவன். கொழும்பிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின், அங்கிருந்து மேற்குப் பக்கம் நுழைந்துவிடுவது. எல்லோரும் வருகிற வழி அதுதான். விமானம் ஏறுகிறேன் அம்மா என்று கொழும்பிலிருந்து பேசியிருக்கிறான். அதற்குப் பிறகு வாரக்கணக்காக ஒரு தகவலும் இல்லை.

"அப்ப, அந்தப் பாட்டு?" என்றேன்.

ஜெறோம் தலையைச் சொறிந்தார். "அது தவக்காலம். பெரிய வெள்ளிக்கு மாதா சிலுவைக்குக் கீழை நிண்டு அழுகிற ஒப்பாரி. எங்கடை ஊரிலை எல்லாப் பொம்பிளையளும் பாடுவினம். இந்த ஐயா, என்ன பாடுறா எண்டு கேட்டவர். தாய், மகனைக் கொண்டுபோட்டாங்கள் எண்டு அழுறா எண்டு சொன்னனான். பிழையே? வேறை என்னத்தைச் சொல்லுறது? பிறகு மகனுக்கு என்ன பேர் எண்டார். அக்காவிட்டைக் கேட்டன். அன்ரன் எண்டா. அதைச் சொன்னன்."

யோரிஸுக்கு மொழிபெயர்த்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதர் அவர். எங்கள் வீட்டில் மாரியம்மன் சாமி. மாரியம்மன் கும்பிடுகிறவன் ஒரு கத்தோலிக்கரிடம், அது உங்கள் மாதாவின் அழுகைதான் சார் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

யோரிஸ் கோட்டுப் பையிலிருந்து நிகழ்ச்சித்தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஜெறோம் அதிலிருந்த ஜெர்மனைப் படித்துச் சொன்னார். உருப்படியின் பெயர், அதன் கீழே, அன்ரனின் நினைவாக.

றெஜினா அக்கா அந்தத் தாளைத் தொடவில்லை. "தம்பி, ஐயாவுக்குச் சொல்லுங்கோ. பாட்டு இருக்கட்டும். அது மாதாவின்ரை அழுகை, ஆரும் அழலாம். என்ரை பிள்ளையின்ரை பேரைச் செத்த ஆக்களோடை போடவேண்டாம். அவன் வழியிலை நிக்கிறான். இப்பிடி எழுதி வைச்சால் அவன் எப்பிடி வந்து சேருவான்?"

யோரிஸ் தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "அச்சாகிவிட்டது" என்றார். "ஒரு சாவை நினைத்துத்தான் ஒவ்வொரு சுரத்தையும் எழுதினேன். இப்போது இல்லை என்றால் நான் என்ன செய்ய?" அவர் குரலில் கோபம்கூட இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. உங்கள் பாட்டுக்காக ஒரு பையன் சாக வேண்டுமா சார் என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடம் அப்படிப் பேசக்கூடாதுதான். பேசிவிட்டேன்.

அதைக் கேட்டு அவர் சிவந்து போனார். ஆனால் அங்கிருந்து எழுந்தபோது, "அந்த அம்மாவையும் ஒத்திகைக்கு அழைத்து வா" என்றார். தொலைபேசிக்கு ஜெறோமைக் காவல் வைத்துவிட்டு அக்கா வந்தார். இந்த முறை சரியான பக்கத்து ரயிலில் அக்காதான் ஏற்றினார்.

ஒத்திகையில் முதன்முறையாக அந்த உருப்படியை முழுதாகக் கேட்டேன். வயலின்கள் மெதுவாக எதையோ தேடிக்கொண்டிருக்க, நடுவில் நாதஸ்வரத்துக்கு உறவான ஓபோ மாதிரியான, அதைவிடத் தடித்த ஒரு குழல் அந்த மெட்டை எடுத்தது. மாடியில் ஒரு வருடம் என் தூக்கத்தைக் கெடுத்த மெட்டு. இங்கே அதைக் கேட்டு வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா அழவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"நல்லாய்த்தான் செய்திருக்கிறார். எங்கடை பொம்பிளையள் அழுகிற மாதிரியே கிடக்கு. அதுதான் தம்பி எனக்குப் பயமாய்க் கிடக்கு" என்றார்.

அரங்கத்து அலுவலகத்தில் நிகழ்ச்சித்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மாற்றி அச்சடிக்க முடியுமா என்று யோரிஸ் கேட்டார். ஜெர்மனில் கேட்டார், அதுவும் தங்குதடையில்லாத ஜெர்மனில். ரயிலடியில் மழையில் நின்ற எனக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு இந்த நாட்டில் அச்சகம் என்ன, ரொட்டிக் கடையே திறந்திருக்காது என்றாள் அங்கிருந்த பெண். நம் ஊராக இருந்தால் அச்சகக்காரரை வீட்டிலிருந்து எழுப்பி வந்து விடிவதற்குள் அடித்து வாங்கியிருப்போம். இங்கே எழுப்ப முடியாது. அவள் இரக்கப்பட்டு, தடித்த கறுப்புப் பேனாக்கள் சிலவற்றைக் கொடுத்தாள்.

யோரிஸ் முதல் தாளை எடுத்து, அன்ரன் என்ற பெயரின் மேல் பேனாவை வைத்தார். அக்கா பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"வெட்டவேண்டாம்! பேரை வெட்டவேண்டாம் ஐயா!"

யோரிஸ் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். இதைத்தானே கேட்டாள் என்கிற பார்வை. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "செத்த ஆக்களின்ரை பேரைத்தான் வெட்டுறது தம்பி. எங்கடை அவர் மோசம்போன கையோடை ஊர் விதானையார் வந்து, அரிசி வாங்கிற கூப்பன் புத்தகத்திலை அவரின்ரை பேரைச் சிவப்பாலை வெட்டினவர். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். இவன்ரை பேரை வெட்ட விடமாட்டன்."

எழுதினாலும் ஆகாது, வெட்டினாலும் ஆகாது. எனக்குத் தலை சுற்றியது. அப்படியே உட்கார்ந்து தூங்கிவிடலாமா என்றிருந்தது. யோரிஸ்தான் வழி கண்டுபிடித்தார். நினைவாக என்று வருகிற வார்த்தைகளை மட்டும் அடித்துக் காட்டினார். பெயர் அப்படியே நின்றது. அன்ரன் என்றுதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓம், இது சரி" என்றார்.

மூன்று பேரும் வாசல் கூடத்து மேசையில் உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினோம். பெயரின் மேல் மை பட்டுவிடக்கூடாது என்பதால் வேகமாகச் செய்ய முடியவில்லை. மை பட்ட ஒன்றிரண்டை அக்கா வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார், குப்பையில் போட விடவில்லை. அடித்துக்கொண்டே யோரிஸ், தலையை நிமிர்த்தாமல், ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்.

"இதை நீ மொழிபெயர்க்காதே. என் அண்ணனைச் சண்டைக் காலத்தில் இந்த நாட்டுக்கு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்தும் திரும்பவில்லை. ஒரு தகவலும் இல்லை. அப்பா கோயிலில் சொல்லி இறந்தவர்களுக்கான பூசை வைத்தார். அம்மா வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோயில் வாசலையே அவள் மிதிக்கவில்லை. அப்பாவோடும் சரியாகப் பேசவில்லை. சாகும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவள் அழாததை இந்த அம்மா அழுகிறாள் என்று நினைத்துத்தான் இதை எழுதினேன்."

"அண்ணன் வந்தாரா சார்?"

"இல்லை. அதனால்தான் மொழிபெயர்க்காதே என்றேன்."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா என்னவாம் தம்பி?"

"மறுபடியும் மழை வரும் போலிருக்குன்னு சொல்றாருங்க."

"மழைக்கோ இவர் அழுறார்?" என்றார். அடுத்த கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கச்சேரி. பட்டுச்சேலையின் மேல் யாரோ தானம் கொடுத்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா வந்தார். தகவல் ஏதாவது வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்திருந்தால் முகமே சொல்லியிருக்கும். யோரிஸ் அவருக்கு ஒரு இடம் ஒதுக்கச் சொல்லியிருந்தார். அக்கா இரண்டு வேண்டும் என்றார். மற்றது யாருக்கு என்று கேட்டதற்கு, "பேர் போட்டிருக்கிறியள், இடம் குடுக்கமாட்டியளோ?" என்றார். யோரிஸ் அலுவலகத்துக்குப் போய் இன்னொரு சீட்டு வாங்கி வந்தார்.

அதனால் வரிசையின் ஓரத்தில் நான், அடுத்து ஒரு காலி இடம், அதற்கடுத்து அக்கா. அரங்கம் நிறைந்துவிட்டது. யோரிஸ் மேடையேறினார். எந்தப் பின்னணியைச் சொல்வதற்காக என்னை இழுத்து வந்தாரோ, அதைச் சொல்ல வேண்டிய நேரம். கையில் தாள் எதுவும் இல்லை.

"மன்னார் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தாய், மாதாவின் ஒப்பாரியை எனக்குப் பாடிக் காட்டினார். நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இந்த இசை அவருடைய மகனுக்கு. மகன் பயணத்தில் இருக்கிறார்" என்றார். அவ்வளவுதான். குனிந்து வணங்கிவிட்டு இறங்கிவிட்டார். அதை அக்காவின் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

விளக்குகள் மங்கும் நேரத்தில் தாமதமாக வந்த ஒரு ஜெர்மன் அம்மாள், குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து நின்றாள். காலியிடத்தைக் காட்டி, இது யாருக்காவதா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். அகதி அலுவலகத்தில் சொல்வதற்கென்று ஜெறோம் சொல்லிக்கொடுத்திருந்த ஜெர்மன்.

"மைன் ஸோன் கொம்ட்." என் மகன் வருகிறான்.

அந்த அம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்படியானால் சீக்கிரம் வரட்டும், தொடங்கப் போகிறார்கள்" என்று கிசுகிசுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனாள்.

வயலின்கள் தொடங்கின. வருகிற ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை மடக்கி, வழிவிட்டு உட்கார்ந்தேன்.